கடைசி நாள் கூட்டமும் கொள்கலன் முறையும்

அரசு அலுவலகங்களில் விண்ணப்பம் பெறுவதற்குரிய கடைசி நாளன்று வாயிலுக்கு வெளியே நீண்ட வரிசை நிற்பது, நம் நாட்டில் பல தலைமுறைகளாகக் காணப்பட்டு வரும் காட்சியாகும். கல்வி உதவித்தொகை, தேர்வு, பணி நியமனம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணையதளத்தின் வாயிலாகவே பெறப்படும் இந்நாளில் அவ்வரிசை மறைந்துவிடவில்லை. கண்ணுக்குப் புலப்படாத இடத்துக்கு மாறியிருக்கிறது. கிராமத்துப் பொதுச் சேவை மையத்தில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் மாணவிக்கு, திரையில் சுழன்றுகொண்டே இருக்கும் சிறு வட்டம்தான் அந்த வரிசை.

இவ்வரிசையின் நீளம் எத்தகையதாக இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். 2021 ஏப்ரல் 28 அன்று 18 வயது நிரம்பியோருக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு தொடங்கப்பட்டபோது, முதல் நாளிலேயே 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். இத்தகைய திடீர்ப் பெருக்கத்தைத் தாங்கும் வகையில் அரசுத் தளங்களை அமைப்பது எவ்வாறு என்பது இன்று பொறியாளர்களுக்கு மட்டும் உரிய வினாவன்று. நிதி ஒதுக்கும் அதிகாரியும், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அதிகாரியும், நாளை அப்பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவரும் அறிந்திருக்க வேண்டியதாகும். இதற்கென இன்று பரவலாகக் கையாளப்படும் கொள்கலன் முறையையும், நிர்வகிக்கப்படும் கணினித் தொகுதிகளையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

உச்சப் பளுவும் அதன் செலவும்

பொருளாதாரம் பயின்றோருக்கு உச்சப் பளு என்னும் கருத்து புதிதன்று. மின்சாரத் தேவை மாலை வேளையில் உயர்ந்து, நள்ளிரவுக்குப் பின் தாழ்கிறது. உச்சத் தேவைக்கேற்ப நிலையம் அமைத்தால் எஞ்சிய நேரத்தில் முதலீடு முடங்குகிறது; சராசரிக்கேற்ப அமைத்தால் உச்ச வேளையில் விளக்கு அணைகிறது.

இணையதளங்களின் நிலையும் இதுவே. கணக்குக்காக ஓர் உதவித்தொகைத் தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டில் 350 நாள்களுக்கு 4 சர்வர்கள் போதும். கடைசித் தேதியை ஒட்டிய 15 நாள்களுக்கு 40 சர்வர்கள் தேவை. உச்சத் தேவைக்கேற்ப 40 சர்வர்களை வாங்கி வைத்தால், ஆண்டுக்கு 40 × 365 = 14,600 சர்வர்-நாள்களுக்கு நாம் செலவு செய்கிறோம். உண்மையில் பயன்படுவதோ 1,400 + 600 = 2,000 சர்வர்-நாள்கள் மட்டுமே. அதாவது முதலீட்டில் ஏறத்தாழ 14 விழுக்காடுதான் பயனளிக்கிறது. தேவைப்படும்போது மட்டும் வாடகைக்குப் பெற முடியுமானால், ஒரு சர்வர்-நாளின் வாடகை சொந்தச் செலவைப் போல் 7 மடங்காக இருந்தாலும் வாடகையே மலிவு.

ஆண்டு முழுவதும் பளு ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும் தளத்துக்கு இக்கணக்கு பொருந்தாது என்பதையும் கூற வேண்டும். அங்கு சொந்த ஏற்பாடே சிக்கனமாக அமையக்கூடும். ஆகவே, தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பளுவின் வடிவத்தை அறிவதே முதற்கடமையாகும்.

வாடகைக்குப் பெறுவது எளிது. ஆனால், கூடுதலாகப் பெற்ற சர்வரில் நமது செயலியைச் சில நொடிகளில் இயங்கச் செய்ய முடிகிறதா என்பதே அடுத்த வினா. இதற்கு விடையாக வந்ததே கொள்கலன்.

துறைமுகத்திலிருந்து வந்த பாடம்

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனை நோக்கி ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் புறப்பட்டது. சரக்கு வண்டித் தொழிலில் இருந்த மால்கம் மெக்லீன் என்பவரின் முயற்சி அது. அதுவரை மூட்டை, பீப்பாய், பெட்டி என ஒவ்வொரு சரக்கும் தனித்தனியே தோளிலும் கயிற்றிலும் ஏற்றப்பட்டது. சரக்கு எதுவாயினும் அதை அடைக்கும் பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால், பளுதூக்கியும் கப்பலும் ரயிலும் லாரியும் அதற்கேற்ப அமைந்துவிடும் என்பதே புதுமை. நம் நாட்டில் 1989-ல் இயங்கத் தொடங்கிய நவசேவா துறைமுகம் இம்முறையின் அடிப்படையிலேயே வளர்ந்ததாகும்.

மென்பொருள் துறையிலும் நெடுங்காலம் மூட்டை தூக்கும் முறையே நிலவியது. ஒரு செயலி இயங்குவதற்குக் குறிப்பிட்ட பதிப்புடைய மொழி இயக்கி, துணை நூலகங்கள், அமைப்புக் கோப்புகள் ஆகியவை தேவை. இவற்றை ஒவ்வொரு சர்வரிலும் ஊழியர் ஒருவர் அமர்ந்து நிறுவ வேண்டியிருந்தது. ஒன்றில் ஒரு பதிப்பு, மற்றொன்றில் வேறு பதிப்பு என்றாகி, “என் கணினியில் சரியாக இயங்குகிறதே” என்று ஒப்பந்ததாரர் கூறுவதும், “எங்கள் சர்வரில் இயங்கவில்லையே” என்று அலுவலகம் கூறுவதும் வழக்கமாயின.

செயலியையும் அது சார்ந்திருக்கும் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுவதே கணினிக் கொள்கலன். அடைக்கப்பட்ட அச்சுருவுக்குப் படிமம் என்று பெயர். அப்படிமம் இயங்கும் நிலையில் கொள்கலன் ஆகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் ஏற்கனவே அமைந்திருந்த இரண்டு வசதிகள் இதற்கு அடிப்படையாகும். ஒன்று, ஒரு செயலி மற்றொன்றைக் காண இயலாதவாறு பிரித்து வைப்பது. மற்றொன்று, ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகமும் கணிப்புத் திறனும் எடுத்துக்கொள்ளலாம் என வரம்பு விதிப்பது. இவற்றை எளிதில் கையாளும் கருவியாக 2013-ல் டாக்கர் வெளிவந்த பின்னரே இம்முறை பரவலாயிற்று. முழு இயங்குதளத்தையும் சுமந்து நிற்கும் மெய்நிகர் கணினி எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகலாம். கெர்னலைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் கொள்கலன் சில நொடிகளில் இயங்கத் தொடங்குகிறது.

மீகாமனின் பணி

பெட்டிகள் பெருகினால் அவற்றை எந்தக் கப்பலில் எங்கு வைப்பது என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். கூகுள் நிறுவனம் 2014-ல் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட கூபர்நெட்டிஸ் என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. இதன் முதற்பதிப்பு 2015 ஜூலையில் வெளிவந்தது. கூபர்நெட்டிஸ் என்பது மீகாமன், அதாவது சுக்கான் பிடிப்பவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். அரசாங்கத்தைக் குறிக்கும் ‘கவர்ன்மென்ட்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது என்பது நம் போன்றோருக்குச் சுவையான செய்தி.

இதன் அடிப்படைத் தத்துவம் எளியது. நாம் கட்டளையிடுவதில்லை, விரும்பும் நிலையை எழுதிக் கொடுக்கிறோம். “இச்செயலியின் நான்கு நகல்கள் எப்போதும் இயங்க வேண்டும்” என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால், உள்ள நிலையை அதனுடன் இடைவிடாது ஒப்பிட்டு, குறைந்ததை நிரப்புவது கூபர்நெட்டிஸின் பொறுப்பு. ஒரு சர்வர் பழுதாகி அதிலிருந்த நகல் மறைந்தால், வேறொரு சர்வரில் புதிய நகல் எழுப்பப்படும். இரவு இரண்டு மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையும் நிரப்பப்பட்ட பணியிடங்களையும் ஒப்பிட்டுக் காலியிடத்தை உடனுக்குடன் நிரப்பும் ஓர் அலுவலகத்தை இதற்கு உவமையாகக் கூறலாம்.

தொகுதியில் இரு பகுதிகள் உள்ளன. தீர்மானங்களை எடுப்பது கட்டுப்பாட்டகம். செயலிகளைச் சுமப்பவை கணுக்கள் எனப்படும் சர்வர்கள். கணுவில் வைக்கப்படும் மிகச் சிறிய அலகுக்குப் பாட் என்று பெயர். ஓர் அலகில் பெரும்பாலும் ஒரே கொள்கலன் இருக்கும்.

யார் பொறுப்பு எது?

கட்டுப்பாட்டகத்தை நாமே நிறுவிப் பேணுவது கடினமான பணியாகும். அதன் பதிவேடான எட்சிடி என்னும் தரவுக்களஞ்சியம் சிதைந்தால் தொகுதி முழுவதும் தன் நினைவை இழக்கும். அன்றியும், கூபர்நெட்டிஸின் புதிய பதிப்பு ஆண்டுக்கு மூன்று முறை வெளிவருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதங்களே திருத்தங்கள் கிடைக்கும். இச்சுமையைத் தானே ஏற்றுக்கொண்டு, தொகுதியை மட்டும் நமக்கு அளிப்பதே நிர்வகிக்கப்படும் தொகுதிச் சேவை. கூகுள் 2015-லும், அமேசான், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 2018-லும் இத்தகைய சேவைகளை முழு அளவில் தொடங்கின. நம் நாட்டில் மைய அரசின் மேகராஜ் திட்டத்தின் கீழ், 1976-ல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் 2014 முதல் அரசுத் துறைகளுக்கு மேகக் கணிமை வசதியை வழங்கி வருகிறது. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பட்டியலில் இடம்பெற்ற தனியார் நிறுவனங்களிடமிருந்தும் துறைகள் சேவை பெறலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘நிர்வகிக்கப்படும்’ என்னும் சொல்லைக் கண்டு எல்லாம் பிறர் பொறுப்பு என்று கருதுவது பெருந்தவறு. கட்டுப்பாட்டகமும் அதன் காப்பும் சேவை அளிப்போரைச் சாரும். செயலியின் பிழை, படிமத்தில் உள்ள பாதுகாப்புக் குறை, யாருக்கு என்ன அனுமதி என்னும் தீர்மானம், தரவின் காப்பு நகல் ஆகியவை நம்மையே சாரும். பதிப்பு உயர்த்தும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் நம் கையில்தான் உள்ளது. ஒப்பந்தத்தில் இப்பிரிவினை வரிவரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

செயலியைத் தொகுதியில் ஏற்றும் முறை

முதற்படி, படிமம் உருவாக்குதல். எந்த அடிப்படையில் தொடங்கி எவற்றைச் சேர்ப்பது என்பதை ஒரு கோப்பில் எழுதினால் படிமம் தானாக உருவாகும். அடிப்படைப் படிமம் எவ்வளவு சிறியதாக உள்ளதோ அவ்வளவு நன்று. தேவையற்ற நிரல்கள் ஒவ்வொன்றும் திருடனுக்கு ஒரு சன்னல். கொள்கலனுக்குள் செயலி தலைமை நிர்வாகி உரிமையுடன் இயங்கக் கூடாது.

இரண்டாவது படி, படிமக் கிடங்கில் சேர்த்தல். ஒவ்வொரு படிமத்துக்கும் தனிப் பதிப்பு எண் வழங்க வேண்டும். ‘அண்மையது’ என்று பெயரிட்டு அனுப்பும் பழக்கம் தவிர்க்கத்தக்கது. எது ஓடுகிறது என்பது பின்னர் எவருக்கும் தெரியாது போகும்.

மூன்றாவது படி, நிலை நிற்கும் தரவை வெளியேற்றுதல். கொள்கலன் மறைந்தால் அதன் உள்ளே எழுதப்பட்டவையும் மறையும். மாணவர் ஏற்றிய சாதிச் சான்றிதழைக் கொள்கலனுக்குள்ளேயே சேமிக்கும் செயலி, மறு இயக்கத்தின்போது அதை இழந்துவிடும். கோப்புகள் பொதுச் சேமிப்பகத்திலும், விவரங்கள் தரவுத்தளத்திலும், பயனாளர் உள்நுழைந்துள்ளார் என்னும் குறிப்பு பொதுவான நினைவகத்திலும் இருத்தல் வேண்டும்.

நான்காவது படி, அமைப்பு விவரங்களையும் கடவுச்சொற்களையும் படிமத்திலிருந்து பிரித்தல். கூபர்நெட்டிஸில் ‘சீக்ரெட்’ என்னும் பெயரில் வைக்கப்படுபவை இயல்பாகக் குறியாக்கம் செய்யப்பட்டவை அல்ல. வேறு எழுத்துருவில் மாற்றி எழுதப்பட்டவை மட்டுமே. குறியாக்கத்தைத் தனியே இயக்கி வைக்க வேண்டும்.

ஐந்தாவது படி, ஒவ்வோர் அலகுக்கும் வேண்டிய கணிப்புத் திறனையும் நினைவகத்தையும் குறிப்பிடுதல். கோரும் அளவு என்பது இடம் ஒதுக்குவதற்கு. உச்ச வரம்பு என்பது மீறாதிருப்பதற்கு. கணிப்புத் திறனின் வரம்பை எட்டினால் செயலியின் வேகம் குறைக்கப்படும். நினைவக வரம்பை மீறினாலோ கொள்கலன் நிறுத்தப்படும்.

ஆறாவது படி, வாயில் அமைத்தல். அலகுகளின் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு முன் நிலையான முகவரியுடன் நின்று வருவோரைப் பகிர்ந்து அனுப்புவது ‘சர்வீஸ்’. வெளியுலகிலிருந்து வருவோரைப் பெயர் பார்த்து உரிய சர்வீஸுக்கு வழிகாட்டுவது ‘இன்கிரஸ்’.

புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. இயல்பான அமைப்பில் நான்கு நகல்கள் இருந்தால், மாற்றத்தின்போது குறைந்தது மூன்று இயங்கிக்கொண்டே இருக்கும்; புதியவை ஆயத்தமான பின்னரே பழையவை படிப்படியாக விலக்கப்படும். பிழை கண்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு நுட்பத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கொள்கலன்களின் கடிகாரம் இயல்பாக உலகப் பொது நேரத்தைக் காட்டும். அது நம் நேரத்துக்கு 5½ மணி பின்தங்கியது. இதைக் கருதாமல் எழுதப்பட்ட செயலியில், நள்ளிரவில் மூட வேண்டிய விண்ணப்பம் மறுநாள் காலை 5.30-க்கு மூடும். விதிப்படி யார் தகுதியுடையவர் என்பதே அதனால் வழக்குக்குரிய பொருளாகிவிடும்.

விரிவாக்கக் கணக்கு

பளு ஏறும்போது நகல்களைத் தானாகப் பெருக்கும் ஏற்பாடு கூபர்நெட்டிஸில் உள்ளது. இயல்பாக 15 நொடிக்கு ஒரு முறை அது கணக்கிடும். இப்போதுள்ள நகல்களின் எண்ணிக்கையை, இப்போதைய பயன்பாட்டுக்கும் நாம் குறித்த இலக்குக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, பின்னம் வந்தால் மேல் முழு எண்ணாக்குவதே அதன் சூத்திரம். இலக்கு 60 விழுக்காடு; நான்கு நகல்களின் சராசரிப் பயன்பாடு 90 விழுக்காடு எனில், 4 × 90 ÷ 60 = 6 நகல்கள் தேவை. இங்கு விழுக்காடு என்பது நாம் கோரிய அளவின் பங்காதலால் 100-ஐயும் தாண்டலாம். ஆறு நகல்களில் அது 150 ஆக உயர்ந்தால் 15 நகல்கள் எழும். பளு இறங்கும்போது அவசரப்படாமல் ஐந்து நிமிடங்கள் பொறுத்த பின்னரே நகல்கள் குறைக்கப்படும்.

நகல் எழ நொடிகள் போதும். ஆனால், அதைத் தாங்கக் கணுக்களில் இடமில்லையெனில் புதிய கணு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். கடைசித் தேதி முன்கூட்டியே தெரிந்த ஒன்றாதலால், அன்று காலையிலேயே கணுக்களைப் பெருக்கி வைப்பதே அறிவுடைமை.

ஒரு படிப்பினை

சில ஆண்டுகளுக்கு முன் நான் தொடர்பு கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், உதவித்தொகைத் தளமொன்று மேற்கூறியவாறு தொகுதியில் ஏற்றப்பட்டது. கடைசி நாள் மாலையில் கூட்டம் பெருகியது, நகல்களும் பெருகின. கூட்டக் குறிப்பில் எழுதத்தக்க வெற்றி என்றே அனைவரும் கருதினோம். சிறிது நேரத்தில் தளம் முழுவதும் நின்றுவிட்டது.

காரணம் பின்னர் தெரிந்தது. ஒவ்வொரு நகலும் தரவுத்தளத்துடன் பல இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பான அமைப்பில் ஏற்பது 100 இணைப்புகள். நகலுக்குப் பத்து இணைப்புகள் எனக் கொண்டால், பத்தாவது நகலுக்கே இடம் போதாது. 15 நகல்கள் 150 இணைப்புகளைக் கேட்கும். விண்ணப்பம் வாங்கும் சாளரங்களைப் பெருக்கினோம். உள்ளே ஆவண அறையில் இருந்தவரோ ஒருவரே.

இரண்டாவது தவறு அதனினும் கொடிது. கொள்கலன் உயிருடன் உள்ளதா என்று தொகுதி அவ்வப்போது சோதிக்கும். விடையில்லையெனில் அதை நிறுத்தி மீண்டும் தொடங்கும். எங்கள் செயலியில் அந்த உயிர்ச் சோதனை, தரவுத்தளம் பதில் தருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தது. தரவுத்தளம் திணறியதும் நலமாயிருந்த நகல்களெல்லாம் உயிரற்றவையாகக் கருதப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. மீண்டும் எழுந்த ஒவ்வொன்றும் புதிய இணைப்புகளைக் கேட்டு நெருக்கடியைப் பெருக்கியது. கருவி பழுதாகவில்லை, நாங்கள் எழுதிக் கொடுத்ததை அது பிழையின்றி நிறைவேற்றியது.

கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டது. ஆயினும், நீட்டிப்புச் செய்தி எட்டாதவர்கள் யார், எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் காட்டவில்லை. சேவை மையத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டு மகளை அழைத்து வந்த தந்தை மறுமுறையும் வருவார் என்று நாம் கொள்வதற்கில்லை.

திருத்தங்கள் எளியவையே. உயிர்ச் சோதனை செயலி தன்னை மட்டும் சோதிக்குமாறு மாற்றப்பட்டது. நகலைக் கொல்லாமல், வருவோரை அதனிடம் அனுப்புவதை மட்டும் நிறுத்தும் ஆயத்தச் சோதனை தனியே அமைக்கப்பட்டது. இணைப்புகளைத் திரட்டிப் பகிரும் இடைக்கருவி ஒன்று தரவுத்தளத்தின் முன் வைக்கப்பட்டது. நகல்களின் உச்ச எண்ணிக்கை தரவுத்தளத்தின் திறனைக் கொண்டே கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டு கடைசித் தேதிக்கு முன் செயற்கைப் பளுவை ஏற்றி ஒத்திகையும் பார்க்கப்பட்டது.

சட்டமும் சிக்கனமும்

இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாள்களுக்கு நாட்டின் எல்லைக்குள் பேண வேண்டும். கொள்கலன் மறையும்போது அதன் பதிவும் மறையுமாதலால், பதிவுகளை உடனுக்குடன் வெளியே திரட்டும் ஏற்பாடு இல்லாத தொகுதி இவ்விதியை நிறைவேற்ற இயலாது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

செலவில் கவனம் தேவைப்படுவது உச்ச நாளில் அன்று, அதன் மறுநாளில். பெருக்கிய கணுக்களைக் குறைக்க மறந்தால், முன்னர் கண்ட சிக்கனக் கணக்கு முழுவதும் தலைகீழாகும். மாதந்தோறும் வரும் பட்டியலைப் படித்துப் பார்க்கும் அலுவலர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். மேலும், ஒரு நிறுவனத்துக்கே உரிய சிறப்பு வசதிகளில் செயலியைக் கட்டிப்போடாதிருந்தால், ஒப்பந்தம் முடியும்போது வேறிடத்துக்குப் பெயர்வது எளிதாகும்.

தேவையின் மறுபக்கம்

வழங்கலைப் பெருக்குவது பற்றியே இதுவரை கூறினோம். தேவையைச் சீராக்குவதும் பொருளாதாரத்தின் ஒரு பாதியே. மக்கள் கடைசி நாளில் வருவதைச் சோம்பல் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். வருமானச் சான்றிதழ் வட்ட அலுவலகத்திலிருந்து முந்தைய நாள்தான் கிடைத்தது என்பதே பலரது உண்மை நிலை. சான்றிதழ் வழங்கும் காலத்தைச் சுருக்குவதும், வகுப்பு வாரியாகவோ மாவட்ட வாரியாகவோ தேதிகளைப் பிரிப்பதும், பாதி நிரப்பிய விண்ணப்பத்தைச் சேமித்துப் பின்னர் சான்றிதழை இணைக்க அனுமதிப்பதும், பல சர்வர்களின் வேலையைச் செலவின்றிச் செய்துவிடும்.

ஆகவே, கொள்கலன் முறையைக் கையாளும் அலுவலர்கள் தொடங்குமுன் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை காண்பது நலம். உச்சப் பளு எப்போது வரும்? அது வரும்போது முதலில் திணறுவது எது? திணறினால் வரிசையில் நிற்பவருக்கு நாம் என்ன கூறுவோம்? மூன்றாவது வினாவுக்கு எந்தத் தொகுதியும் தானாக விடை தராது. “தங்கள் விண்ணப்பம் சேமிக்கப்பட்டுள்ளது, நாளையும் தொடரலாம்” என்னும் ஒரு வரியைத் திரையில் காட்டுவது நிர்வாகத்தின் தீர்மானம், அத்தீர்மானத்தைக் கடைசி நாளுக்கு முன்பே எடுத்துவிடுவது நமது கடமையாகும்.